கோடையில் காயாத ஏரி

கிழக்கு பெங்களூரில் ஒரு வீட்டுக் குழாயில் வருவது காவிரித் தண்ணீர். மண்டியா மாவட்டத்துத் தொரேகாடனஹள்ளியில் சுத்தம் செய்து, சுமார் 100 கிலோமீட்டர் தூரத்துக்கு, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு, மூன்று கட்டமாகப் பம்ப் வைத்து ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். அந்தத் தண்ணீரில் குளிக்கிறோம், துணி துவைக்கிறோம், பாத்திரம் கழுவுகிறோம். குளியலறைத் துவாரத்தில் இறங்கியதும் அது காவிரியை விட்டுப் பிரிந்துவிடுகிறது. இனி அது காவிரிக்குத் திரும்பப் போவதில்லை. கிழக்கே சரிந்து, பெல்லந்தூர் ஏரியில் விழுந்து, வர்த்தூர் ஏரிக்கு வழிந்து, தென்பெண்ணையில் கலந்து, ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று இறங்கிக் கடலூர் அருகே வங்கக் கடலைச் சேரும். இரண்டு ஆற்றுப் படுகைகளை ஒரு நகரத்தின் சமையலறைகளும் கழிவறைகளும் சேர்ந்து இணைத்து வைத்திருக்கின்றன. இப்படி ஓர் ஆற்றிணைப்புத் திட்டத்தை யாரும் தீட்டவில்லை, யாரும் அடிக்கல் நாட்டவில்லை.

நடுவில் இருக்கும் பெல்லந்தூர் ஏரியைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வெளேரென்று நுரை பொங்கி, காற்றில் பிய்ந்து, சாலையில் போகிறவர்கள் மேல் விழுந்த ஏரி. சில வேளைகளில் தீப்பிடித்து எரிந்த ஏரி. செத்துப்போன ஏரி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தண்ணீரைத் தேக்குவது, கலங்கலைப் படியவைப்பது, மிஞ்சியதை வழியவிடுவது என்று தன்னைக் கட்டியவர்கள் எதற்காகக் கட்டினார்களோ அந்த மூன்று வேலைகளையும் அது இன்னும் விடாமல் செய்துகொண்டிருக்கிறது. மாறிப்போனது அதற்குள் வரும் தண்ணீரும், அது வரும் காலமும்தான்.

பெங்களூருக்கு என்று பெரிய ஆறு கிடையாது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிற ஊர் அது. மேற்கே விழும் மழை விருஷபாவதி பள்ளத்தாக்கு வழியாக அர்க்காவதிக்கும் காவிரிக்கும் போகிறது. கிழக்கே விழுவது ஹெப்பால், கோரமங்கலா–சல்லகட்டா என்ற இரண்டு பள்ளத்தாக்குகளின் வழியே தென்பெண்ணைக்குப் போகிறது. முதுகிலிருந்து தண்ணீர் இரு பக்கமும் ஓடிவிடும் என்பதால், ஓடுகிற ஒவ்வொரு ஓடையையும் படிப்படியாக மறித்துக் கரை போட்டார்கள். மேல் ஏரி நிரம்பிக் கலிங்கு வழிந்தால் கீழ் ஏரிக்கு வரத்து. நம் ஊர்களில் சங்கிலி ஏரி என்கிறோமே, அதே ஏற்பாடு. கோரமங்கலா–சல்லகட்டாப் பள்ளத்தாக்கின் சங்கிலிகள் வந்து முடிகிற பெரிய கண்ணி பெல்லந்தூர். பரப்பு சுமார் 900 ஏக்கர், பெங்களூரிலேயே பெரியது. ஏறத்தாழ 150 சதுர கிலோமீட்டர் நிலத்தில் விழும் மழை இதை நோக்கித்தான் சாய்கிறது.

இந்தச் சங்கிலிகள் மிகப் பழையவை. பெல்லந்தூருக்குச் சற்று மேலே இருக்கும் மடிவாளாவின் சோமேஸ்வரர் கோயில் சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் 1247-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்று, வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே இருந்த நிலம் தானமாகக் கொடுக்கப்பட்டதைப் பதிவு செய்கிறது. கெம்பே கவுடா 1537-இல் கோட்டை கட்டிப் பெங்களூரைப் பேட்டையாக்கியதற்கு ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஏரி இருந்தது, ஆயக்கட்டு இருந்தது, அந்த ஆயக்கட்டு நிலம் தானம் கொடுக்கும் அளவுக்கு விலைமதிப்போடு இருந்தது.

அந்தக் காலத்து ஏரிக்கு ஓர் ஆண்டுக் கணக்கு உண்டு. மழைக்காலத்தில் நிரம்பும். மதகைத் திறந்து மூடுவதற்கு நீர்கண்டி என்று கன்னடத்தில் சொல்லும் நீர்க்காவலர் இருப்பார். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்பது அவர் கணக்கு. அறுவடை முடிந்து கோடை வரும்போது ஏரி வற்றும். முழுக்கவே வற்றிவிடும் ஆண்டுகளும் உண்டு. தரை வெடிக்கும். விவசாயிகள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு இறங்கி வண்டலை வெட்டி வயலுக்கு அள்ளிப்போவார்கள்.

ஏரி வற்றுவதைப் பஞ்சத்தின் அடையாளமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஏரியின் உடம்புக்கு அது மருந்து. தண்ணீருக்கடியில் கிடக்கும் சகதிக்குள் ஆக்சிஜன் எளிதில் போகாது. தண்ணீரில் ஆக்சிஜன் கரைவதே லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுக்குத்தான். அது சகதியின் மேல்தோலைத் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும். ஆனால் தரை காய்ந்து வெடித்தால், வெடிப்பு வழியாகக் காற்று அடி வரைக்கும் இறங்கும். ஆண்டு முழுக்கச் சேர்ந்த மக்காத குப்பையைக் காற்றை உண்டு வாழும் நுண்ணுயிரிகள் சில வாரங்களில் சிதைத்துத் தீர்க்கும். மிச்சம் இருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரசும் வண்டலோடு வயலுக்குப் போய்விடும். அடுத்த மழைக்கு ஏரி ஏறக்குறையப் புதுத்தரையோடு காத்திருக்கும். தூர்வாருவது என்று இன்று கோடிகளில் டெண்டர் விடும் வேலையை, உரம் வேண்டுமே என்பதற்காக உழவர்கள் தாங்களாகவே செய்துகொண்டிருந்தார்கள்.

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் பெல்லந்தூர் தெளிந்த, அகன்ற நீர்ப்பரப்பாக இருந்ததற்கு வியப்பான ஒரு சாட்சி உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பக்கத்திலிருந்த இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, அமெரிக்க ராணுவ விமானங்களைப் பழுதுபார்க்கும் இடமாக இருந்தது. கேட்டலினா என்ற கடல் விமானங்களுக்கு ஓடுதளம் தண்ணீர்தான். அவை பெல்லந்தூர் ஏரியில் வந்து இறங்கின. இறங்கிய விமானத்தைக் கரையேற்றித் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனார்கள். இப்போது அந்தக் கரையில் நின்று வானத்தைப் பார்க்கும் ஒருவருக்கு இதை நம்புவது கடினம்.

சங்கிலியின் மேல் கண்ணிகள் முதலில் அறுந்தன. 1890-களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. 1933-இல் திப்பகொண்டனஹள்ளி. 1974-இல் காவிரி. ஒவ்வொரு குழாயும் வர வர, ஊருக்குள் இருந்த ஏரிகளை நம்பி யாரும் இல்லை என்றானது. கெம்பே கவுடா வெட்டிய தர்மாம்புதி ஏரி இன்றைக்கு மெஜஸ்டிக் பேருந்து நிலையம். சம்பங்கி ஏரியில் கண்டீரவா விளையாட்டரங்கம். கோரமங்கலா ஏரியின் மேல் தேசிய விளையாட்டு கிராமத்தின் அடுக்குமாடிகள். சம்பங்கி ஏரியைச் சுற்றித் தோட்டப் பயிர் செய்தவர்கள் திகளர் சமூகத்தார். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லப்படும் தோட்டக்காரச் சமூகம் அது. பெங்களூரின் புகழ்பெற்ற கரகத் திருவிழாவை நடத்துகிறவர்கள் அவர்கள்தான். ஏரி போன பிறகும், அரங்கத்தின் ஓரத்தில் மிச்சமிருக்கும் சிறு குளத்தில் கரகச் சடங்கின் ஒரு பகுதியை இன்றும் நடத்துகிறார்கள்.

ஏரியை மூடினாலும் சரிவை மூட முடியாது. மெஜஸ்டிக் பகுதியில் விழும் மழைநீர், தர்மாம்புதியின் மிகைநீர் போன அதே பள்ளத்தில், சாந்தி நகர், கோரமங்கலா வழியாகப் பெல்லந்தூருக்குத்தான் இன்றும் போகிறது. ராஜகால்வாய் என்று பெயர் கொண்ட அந்த வரத்துக்கால்கள்தான் பிறகு சாக்கடைகளாயின. நடுவில் நின்று வடிகட்ட மேல் ஏரிகள் இல்லை. பாதாளச் சாக்கடைக் குழாய் எட்டாத இடங்களிலிருந்தும், எட்டியும் உடைந்த இடங்களிலிருந்தும் எல்லாம் கால்வாயில் இறங்கியது. நகரின் மொத்தக் கழிவுநீரில் சுமார் 40 விழுக்காடு பெல்லந்தூரை நோக்கி வருகிறது என்பது இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்களின் மதிப்பீடு.

இங்கேதான் ஏரியின் வாழ்க்கை தலைகீழானது. மழைத் தண்ணீர் பருவத்தில் வரும், காவிரிக் குழாய்த் தண்ணீருக்குப் பருவம் கிடையாது. நகரம் நாள்தோறும் குளித்தது, நாள்தோறும் ஏரி நிரம்பியது. சித்திரை வெயிலிலும் பெல்லந்தூர் கலிங்கு வழிந்தது. கோடையில் காய்ந்து, வெடித்து, மூச்சு வாங்கிய ஏரிக்கு இனிக் கோடையே இல்லாமல் போயிற்று. அடித்தரைக்குப் பல பத்தாண்டுகளாகக் காற்று படவில்லை. மேலே ஆகாயத்தாமரை பாய் விரித்ததால் மேல் தண்ணீருக்கும் காற்றும் வெளிச்சமும் குறைந்தன. நுரையும் தீயும் இந்த ஒரு மாற்றத்தின் பிள்ளைகள் என்றே சொல்வேன்.

நுரையைக் கொஞ்சம் அருகில் பார்க்கலாம். வெறும் தண்ணீரில் கையை அலசினால் குமிழி வந்ததும் உடைந்துவிடுகிறது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுக்கமாக இழுப்பதால், மெல்லிய படலமாக விரிந்து நிற்க அவை ஒப்புவதில்லை. சலவைத்தூளில் இருக்கும் மூலக்கூறு வேறு விதம். அதன் தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், நீண்ட வாலுக்குப் பிடிக்காது. ஆகவே அவை தண்ணீரின் விளிம்பில், தலை உள்ளேயும் வால் காற்றிலுமாக நெருக்கியடித்து நிற்கும். ஒரு குமிழியின் சுவர் என்பது இப்படிப்பட்ட இரண்டு வரிசைகளுக்கு நடுவே சிறைப்பட்ட, தலைமுடியை விட மெல்லிய தண்ணீர். சுவர் எங்காவது இன்னும் மெலிந்தால் அங்கே அந்த மூலக்கூறுகள் கலைந்து இடைவெளி விழும். இடைவெளி விழுந்த இடத்தில் பரப்பு இழுவிசை கூடும். கூடிய இழுவிசை பக்கத்திலிருந்து தண்ணீரை இழுத்து வந்து மெலிந்த இடத்தை நிரப்பிவிடும். குமிழி தன் ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்கிறது! பெல்லந்தூரில் இதற்கு மேலும் ஒரு துணை இருக்கிறது. தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்களும் பாக்டீரியாக்களும் குமிழிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, அதிலிருந்து தண்ணீர் வடிவதைத் தாமதப்படுத்துகின்றன. வீட்டு வாளியில் சில நிமிடத்தில் அடங்கிவிடும் நுரை, அங்கே ஆள் உயரத்துக்கு எழும்பி மணிக்கணக்கில் நிற்பது இதனால்தான்.

ஆனால் சலவைத்தூளின் வேதிப்பொருள் மக்கக்கூடியதுதானே? ஆமாம், மக்கும். 1950-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகள் நுரைத்தன. அன்றைய சலவைப் பொருளின் மூலக்கூறு கிளைவிட்ட வால் கொண்டது, நுண்ணுயிரிகளால் அதைக் கடிக்க முடியவில்லை. ஜெர்மனி சட்டம் போட்டது. 1960-களின் நடுவில் தொழிற்சாலைகள் கிளையில்லாத, நேரான வால் கொண்ட மூலக்கூறுக்கு மாறின. இன்று நம் வீட்டுச் சலவைத்தூள்களில் இருக்கும் லீனியர் அல்கைல்பென்சீன் சல்ஃபோனேட் அந்த வகை. நுண்ணுயிரிகள் அதன் வாலின் நுனியில் தொடங்கித் தின்று தீர்த்துவிடும். ஆனால் அவை அதைத் தின்ன ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் இல்லாத சகதிக்குள் அது ஏறக்குறைய அப்படியே கிடக்கும்.

இந்திய அறிவியல் கழகத்தின் எச்.என். சாணக்யா, லட்சுமிநாராயண ராவ் ஆகியோரின் குழு இந்த ஏரியைப் பல ஆண்டுகள் கவனித்துக் கண்டதும் இதைத்தான். உள்ளே நுழையும் கழிவுநீர் ஏரியைக் கடக்க 10 முதல் 15 நாட்கள் ஆகிறது. அதற்குள் சலவைப்பொருளில் ஒரு பங்கு சிதைகிறது, மீதி சகதித் துகளில் ஒட்டிக்கொண்டு அடியில் படிகிறது. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஏரித்தரை சலவைப்பொருளைச் சேமிக்கிறது. பெருமழை பெய்தால் கழிவுநீர் நீர்த்துப்போய் நுரை குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. வெள்ளத்தின் வேகம் அடிச்சகதியைக் கிளறிவிடுகிறது, ஒட்டியிருந்த சலவைப்பொருள் பிரிந்து தண்ணீரில் ஏறுகிறது. அந்தத் தண்ணீர் கலிங்கிலிருந்து சில அடி கீழே விழும்போது காற்றைச் சுருட்டிக்கொண்டு விழுகிறது. என்றோ, யார் வீட்டிலோ துவைத்த துணியின் நுரை அன்றைக்குக் கலிங்கை ஒட்டிய எமலூர்ச் சாலையில் எழும்புகிறது. சாலையோரத்தில் கம்பி வலை அடித்துத் தடுத்துப் பார்த்தார்கள்.

கலிங்குக்கு அந்த வீழ்ச்சியை வைத்தது பழைய தொழில்நுட்பத்தின் நல்ல யோசனை. வழியும் தண்ணீரின் வேகத்தை உடைத்து, கரையை அரிக்காமல் இறக்கிவிடும். விழும்போது காற்றும் கலந்து கீழ் ஏரிக்குப் போகும். அதே வீழ்ச்சிதான் இப்போது நுரையைக் கடைகிறது.

தீயின் கதையும் சகதியிலிருந்தே தொடங்குகிறது. காற்றில்லாத இடத்தில் கரிமக் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் மீத்தேனை வெளியிடுகின்றன. சாண எரிவாயுவில் பெரும்பகுதியும் அதுதான். 2015 மே மாதத்தில் எமலூர் அருகே நுரையே எரிந்தது. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் எரிந்தபோது ஏரியில் அடர்ந்து காய்ந்துகிடந்த புல்லும் கொட்டிய குப்பையும் சேர்ந்து எரிந்தன. 2018-இல் ஆயிரக்கணக்கான ராணுவ வீரர்கள் இறங்கித் தீயணைக்க வேண்டியிருந்தது. 900 ஏக்கர் நீர்நிலைக்குள் எரியும் தீயை அணைக்கத் தண்ணீர் கொண்டுபோக வழி தேடினார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது.

கீழே இருப்பவர்களுக்கு என்ன ஆகிறது? தென்பெண்ணை தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் சந்திக்கும் முதல் அணை ஓசூர் அருகே உள்ள கெலவரப்பள்ளி. பெங்களூரில் மழை பெய்தால் கெலவரப்பள்ளி மதகுகளில் நுரை பொங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. தரைப்பாலத்தை நுரை மூடி ஊர்களுக்கு இடையே போக்குவரத்து நின்ற நாட்கள் உண்டு. அணைத் தண்ணீரில் பாயும் வயல்களுக்குச் சொந்தக்காரர்கள் ஆண்டுதோறும் புகார் கொடுக்கிறார்கள்.

காவிரி வழக்கிலும் இந்தச் சரிவுக்கு ஓர் இடம் இருந்தது. பெங்களூரின் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகைக்குள் இருக்கிறது என்ற அடிப்படையில் நடுவர் மன்றம் 2007-இல் நகரின் குடிநீரைக் கணக்கிட்டது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கை ஏற்காமல், முழு நகரத்தின் குடிநீர்த் தேவைக்கென்று 4.75 டி.எம்.சி. கூடுதலாக ஒதுக்கியது. குடிக்கத் தண்ணீர் கொடுப்பதில் படுகை எல்லை பார்க்கக் கூடாது என்பது நியாயம்தான். அப்படி எல்லை தாண்டி வந்த தண்ணீர் பயன்பட்ட பிறகு எந்தத் தரத்தில் அடுத்த படுகைக்குப் போகிறது என்ற கேள்வியையும் அதே அழுத்தத்தோடு கேட்டிருக்க வேண்டும். காவிரியில் எவ்வளவு வருகிறது என்று கணக்குப் பார்க்கும் தமிழகம், தென்பெண்ணையில் என்ன வருகிறது என்பதையும் அதே முனைப்போடு பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 2018 டிசம்பரில், ஏரிகளைச் சீர்செய்ய 500 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் வைக்கும்படி கர்நாடக அரசுக்கு உத்தரவிட்டு, நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைமையில் கண்காணிப்புக் குழுவையும் அமைத்தது. 2020-இல் ஏரியை வடித்துத் தூர்வாரும் வேலை தொடங்கியது. வரும் கழிவுநீரை ஓரக் கால்வாய்களில் திருப்பிவிட்டு, தரையை வெளியே காட்டினார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு பெல்லந்தூர்த் தரையில் வெயில் பட்டது. அள்ள வேண்டிய சகதி 30 லட்சம் கன மீட்டருக்கும் மேல் என்று கணக்கிட்டார்கள். முன்பு மாட்டுவண்டியில் வயலுக்குப் போன வண்டல் போன்றதல்ல இது. தொழிற்கூடங்களின் உலோகங்களும் சேர்ந்த சகதி. ஆகவே, எங்கே கொட்டுவது என்பதே பெரிய கேள்வியானது. வேலையின் கெடு பலமுறை தள்ளிப்போனது. இடையில், 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூரையும் வெளிவட்டச் சாலையையும் வெள்ளம் சூழ்ந்து, மென்பொருள் நிறுவன ஊழியர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனார்கள். சரிவு தன் பாதையை மறக்கவில்லை.

தூர் எவ்வளவு வாரினாலும், வருகிற தண்ணீர் மாறாவிட்டால் சகதி மறுபடி சேரும். அதனால் எனக்கு ஏரியை விடவும் கோலார்தான் முக்கியமாகப் படுகிறது. 2018 ஜூனிலிருந்து, பெல்லந்தூர்ப் பக்கத்துச் சுத்திகரிப்பு நிலையங்களில் இரண்டாம் கட்டம் வரை சுத்தம் செய்த தண்ணீரைக் கோலார் மாவட்டத்தின் வறண்ட ஏரிகளுக்குப் பம்ப் செய்து அனுப்புகிறார்கள். நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்பது திட்டத்தின் அளவு. ஒரு ஏரி நிரம்பி அடுத்ததற்கு வழிய, நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளுக்குத் தண்ணீர் போக வேண்டும் என்பது ஏற்பாடு. பழைய சங்கிலியையே அங்கே மறுபடி உயிர்ப்பித்திருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடந்த கிணறுகளில் தண்ணீர் ஏறியது, உழவர்கள் மகிழ்ந்தார்கள். திட்டம் தொடங்கிய அடுத்த மாதமே லட்சுமிசாகரம் ஏரியில் நுரை வந்தது, உயர் நீதிமன்றம் பம்புகளை நிறுத்தி வைத்தது. தரம் சரியாக இருப்பதாகக் காட்டிய பிறகு தண்ணீர் மீண்டும் ஓடியது.

கோலார் மக்களின் கோரிக்கை மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பு. இரண்டாம் கட்டம் மக்கும் கழிவைப் பெருமளவு எடுத்துவிடும். ஆகாயத்தாமரைக்கு உரமாகும் நைட்ரஜனையும் பாஸ்பரசையும் முழுமையாக எடுக்காது, கரைந்த உலோகங்களையும் எடுக்காது. ஏரியிலிருந்து நிலத்தடிக்கு இறங்கும் தண்ணீரைத்தான் அங்கே குழந்தைகள் குடிக்கிறார்கள். கெலவரப்பள்ளி விவசாயி கேட்பதும் அதே மூன்றாம் கட்டம்தான். மேட்டின் ஒரே பக்கத்தில், ஒரே குழாய் நீரின் இரண்டு கடைமடைகளில் இருப்பவர்கள் இவர்கள். இரு மாநிலங்களில் இருப்பதால் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்பதில்லை. இரு தரப்பும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால், பெங்களூர் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.